எடைக் கோடு சொல்வது என்ன: பிறந்த நாள் முதல் பதின்வயது வரை

அங்கன்வாடித் தொங்கு தராசின் துணித்தொட்டிலில் ஏழு மாதக் குழந்தையை உட்கார வைத்ததும் முள் ஆட ஆரம்பிக்கும். குழந்தை காலை உதைக்கும். முள் 6.8 கிலோவுக்கும் 7.2 கிலோவுக்கும் இடையே போய்வரும். வெளியே இன்னும் பத்துப் பதினைந்து குழந்தைகள் காத்திருக்கும். அவசரத்தில் ஏதோ ஒரு நொடியில் முள்ளைப் பார்த்து "ஏழு" என்று வளர்ச்சி அட்டையில் எழுதிவிட்டால், நன்றாக வளர்ந்த குழந்தைக்கும் அடுத்த மாதம் எடைப் புள்ளிகளை இணைக்கும் கோடு படுத்துக்கிடப்பதாகத் தெரியும். எடையே ஏறாத குழந்தைக்குக் கோடு அழகாக மேலே போகும். குழந்தை வளர்ச்சியைக் கவனிக்கும் இடங்களில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் கோளாறு நோய் அல்ல, இந்த அளவுக் கோளாறுதான். அதனால் அளப்பதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒவ்வொரு குழந்தையையும் ஏற்றுவதற்கு முன் வெறும் தொட்டிலோடு முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். காலையில் ஒருமுறை செய்தால் போதாது; பத்துக் குழந்தை ஏறி இறங்கினால் முள் நகர்ந்திருக்கும். முள் கண்ணுக்கு நேர் மட்டத்தில் இருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் ஒரு கோடு தள்ளித் தெரியும், அந்த ஒரு கோடு 100 கிராம். நனைந்த டயப்பர், தடித்த சட்டை, வெள்ளித் தண்டை, கொலுசு எல்லாம் எடைதான். கழற்ற மனமில்லை என்றால் ஒவ்வொரு மாதமும் அதே கொலுசோடு எடை போடுங்கள், அதுவும் ஒரு வழி. முதல் மூன்று மாதத்தில் குழந்தை நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறும், அதாவது வாரத்துக்குச் சுமார் 200 கிராம். 100 கிராம் கோடு உள்ள தராசில் அதை வாராவாரம் பார்ப்பதில் அர்த்தமில்லை. தராசின் பிழையே அந்த ஏற்றத்தை விழுங்கிவிடும். சிறு குழந்தைக்கு 10 கிராம் வரை காட்டும் படுக்கைத் தராசு வேண்டும், அல்லது மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

நீளம் அளப்பது எடையைவிடச் சிக்கல். கட்டிலில் படுக்கவைத்துத் தையல் டேப்பை உடம்போடு ஓட்டி அளந்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்பின் வரும். இரண்டு வயது வரை படுக்கவைத்து, பலகையில்தான் அளக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் தலையை நிலைப்பலகையில் முட்டும்படி, குழந்தையின் பார்வை நேராகக் கூரையைப் பார்க்கும்படி பிடிக்க வேண்டும். இன்னொருவர் முட்டியை மெல்ல அழுத்திக் காலை நீட்டி, நகரும் பலகையைப் பாதத்தில் செங்குத்தாக ஒட்ட வேண்டும். இரண்டு வயதுக்குப் பிறகு நிற்கவைத்து அளக்கலாம். ஒரே குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் நின்ற உயரத்தைவிடச் சுமார் 0.7 செ.மீ. கூடுதலாக வரும். இரண்டாவது பிறந்தநாளையொட்டி "போன தடவையைவிடக் குள்ளமாகிவிட்டான்" என்று பதறும் பெற்றோருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தலைச்சுற்றளவுக்கு நீளாத டேப் வேண்டும். பழைய தையல் டேப் இழுத்தால் நீளும். புருவத்துக்கு மேலே தொடங்கிப் பின்மண்டையின் புடைத்த இடம் வழியாகச் சுற்றி மூன்று தடவை அளந்து, பெரியதை எழுதுங்கள். பிறக்கும்போது 33 முதல் 35 செ.மீ. இருக்கும். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு அரை சென்டிமீட்டர் என ஏறி ஒரு வயதில் 45க்கும் 47க்கும் நடுவே வந்து நிற்கும். இது மூளையின் வளர்ச்சி. வேகமாகப் பாய்ந்து ஏறினாலும், ஏறாமலே நின்றாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முதல் பத்து நாள்

பிறந்த குழந்தையின் எடை முதலில் இறங்கும். இதைப் பிரசவ வார்டிலேயே சொல்லிவிட்டால் எத்தனையோ வீடுகளில் பால்பவுடர் டப்பா திறக்கப்படாது. 2.9 கிலோவில் பிறந்த குழந்தை மூன்றாம் நாள் 2.7 கிலோ இருந்தால் இறக்கம் 7 சதவீதம், இயல்பானது. 2.6 கிலோ என்றால் 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அங்கேயே நிறுத்தி, குழந்தை பால் குடிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வுகிறதா, காம்பைச் சுற்றிய கருவளையத்தின் பெரும்பகுதி வாய்க்குள் இருக்கிறதா, கீழுதடு வெளியே மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் ஒட்டியிருக்கிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். பால் பற்றவில்லை என்று வரும் தாய்மார்களில் பலருக்குப் பால் இருக்கும், வாய் பொருந்தியிருக்காது. ஐந்தாம் நாளிலிருந்து நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், பத்தாம் நாளையொட்டிப் பிறந்த எடைக்குத் திரும்பினால், கவலை இல்லை. இரண்டு வாரம் ஆகியும் திரும்பவில்லை என்றால் மருத்துவர் பார்க்க வேண்டும். சேனை வைப்பதும், சர்க்கரைத் தண்ணீரும், தேனும் அந்தச் சின்ன வயிற்றில் பாலுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. கிருமி நச்சால் தசை தளர்ந்துபோகும் அபாயம் உண்டு.

பிறகு கணக்கு எளிது. ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பு, ஒரு வயதில் மூன்று மடங்கு, இரண்டு வயதில் நான்கு மடங்கு. நீளம் 50 செ.மீ.யில் தொடங்கி ஒரு வயதில் 75, நான்கு வயதில் 100.

தாய் சேய் நல அட்டையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி வரைபடம் இருக்கும். பச்சைப் பட்டை இயல்பு, மஞ்சள் எடைக்குறைவு, ஆரஞ்சு கடும் எடைக்குறைவு. இதன் அடிப்படை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சித் தரம். ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து செய்தது. அந்த ஆறில் தில்லிக் குழந்தைகளும் உண்டு. அதனால் "இதெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தை அளவு, நம் பிள்ளைக்குப் பொருந்தாது" என்ற சமாதானம் செல்லாது.

பலர் அட்டையில் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள். பச்சையில் இருக்கிறது, சரி என்று மடித்து வைத்துவிடுகிறார்கள். பச்சையின் உச்சியில் இருந்த குழந்தை மூன்று மாதமாகப் படுத்த கோட்டில் நகர்ந்து பச்சையின் அடியை நோக்கிச் சரிந்தால் நிறம் இன்னும் பச்சைதான், ஆனால் குழந்தைக்கு ஏதோ ஆகிக்கொண்டிருக்கிறது. மஞ்சளில் தொடங்கிப் பட்டைக்கு இணையாக மேலே ஏறும் குறைஎடைக் குழந்தை அதைவிட நல்ல நிலையில் இருக்கிறது. கோட்டின் திசைதான் பேசுகிறது. இன்னொரு தவறு, மாதத்தைக் குறிப்பதில். ஏழாவது மாதம் நடக்கிறது என்றால் நிறைந்தது ஆறு; புள்ளி ஆறில்தான் வர வேண்டும். ஒரு மாதம் தள்ளிக் குறித்தால் முதல் ஆறு மாதத்தில் கோடு நன்றாகவே கோணும்.

கோடு படுக்கும் வயது: ஆறிலிருந்து பதினெட்டு மாதம்

இந்தப் பருவத்தில் நின்று கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலில் செழித்த குழந்தை ஏழு, எட்டில் சரிகிறது. ஒவ்வொரு ஊரிலும் இது நடக்கிறது. காரணம் வறுமை மட்டும் அல்ல, தண்ணீர். பருப்புத் தண்ணீர், சோற்றுக் கஞ்சித் தண்ணீர், பாலில் கரைத்த பிஸ்கட். வயிறு நிறையும், கலோரி இருக்காது. சோதனை எளிது: உணவைக் கரண்டியில் எடுத்துச் சாயுங்கள். வழிந்து ஓடினால் நீர்த்திருக்கிறது. ஒட்டி நின்று மெதுவாக விழுந்தால் சரி. பருப்பின் சத்து பருப்பில் இருக்கிறது, வடித்த நீரில் இல்லை, மசித்துப் போடுங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டு மாதத்துக்குள் 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணம் வீதம் நாளுக்கு இரண்டு மூன்று வேளை வர வேண்டும். ஒன்பதிலிருந்து பதினொரு மாதம் வரை அரைக் கிண்ணம் மூன்று நான்கு வேளை, நடுவே ஒன்றிரண்டு சிற்றுணவு. ஒரு வயதுக்கு மேல் முக்காலிலிருந்து ஒரு கிண்ணம். ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்தால், வயிற்றின் அளவை மீறாமல் கலோரி ஏறும். முட்டையை எட்டு ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடத் தேவையில்லை. அங்கன்வாடிச் சத்துமாவு நல்ல மாவு, ஆனால் அது வீட்டில் எல்லோருக்கும் உருண்டையாகப் பிரிந்துபோகிறது. குழந்தையின் பங்கைத் தனி டப்பாவில் எடுத்து வையுங்கள்.

இதே வயதில் இரும்புச்சத்தும் தீர்ந்துபோகும். வயிற்றில் இருக்கும்போது சேர்த்த இருப்பு ஆறு மாதம் தாங்கும். அதன் பிறகு வாரம் இரண்டு தடவை 1 மில்லி இரும்புச்சத்து சிரப்பைச் செவிலியர் தருகிறார். மலம் கறுத்துப் போகிறது என்று பயந்து பாட்டிலை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். மலம் கறுப்பது இயல்பு, நிறுத்த வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் நாளுக்கு அரை லிட்டருக்கு அதிகமாக மாட்டுப்பால் குடிக்கும் குழந்தை குண்டாகவும் இருக்கும், இரும்புச்சத்து குறைந்து வெளுத்தும் இருக்கும். மண், சுண்ணாம்பு, பல்பம் தின்றால் அதட்டுவதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இடது மேல்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளக்கும் நாடா இன்னொரு நல்ல கருவி. 12.5 செ.மீ.க்குக் கீழே என்றால் மிதமான மெலிவு, 11.5க்குக் கீழே கடும் மெலிவு. இரண்டு பாதத்திலும் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் விழுந்தால் அது நீர். எடை சரியாக இருந்தாலும் அது கடும் ஊட்டக்குறைவின் அடையாளம். உடனே மருத்துவமனை.

தலை நிற்பது, உட்கார்வது, நடப்பது

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம். கை கொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம். தளர்நடையாக வரச் சொல்லும் வாரானை ஓராண்டையொட்டி. இன்றைய பட்டியலோடு வைத்துப் பார்த்தால் வரிசை அப்படியே பொருந்துகிறது.

அந்த வரிசைக்கு ஒரு விதி உண்டு: தலையிலிருந்து கீழ்நோக்கி. முகம் பார்த்துச் சிரிப்பது இரண்டு மாதத்தில். தூக்கத்தில் வரும் சிரிப்பு இதில் சேராது. மூன்று நான்கில் தலை நிற்கும். ஐந்தில் குப்புற விழும். எட்டில் பிடிப்பில்லாமல் உட்காரும். ஒன்பதில் பிடித்து நிற்கும். ஒரு வயதையொட்டி நடக்கும். ஆனால் இவை சராசரி, கெடு அல்ல. உலக சுகாதார நிறுவனம் நலமான குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்ட இடைவெளி பெரியது: துணையின்றி உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதம் வரை, துணையின்றி நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்தால் உங்கள் குழந்தைக்குக் குறை ஒன்றும் இல்லை. பதினெட்டு மாதத்திலும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. தவழாமலே எழுந்து நடக்கும் குழந்தைகளும் உண்டு. அந்த ஆய்விலேயே நூற்றுக்கு நான்கு பேர் கை முட்டி ஊன்றித் தவழவில்லை. மற்றதெல்லாம் சரியாக இருந்தால் தவழாதது ஒரு குறையே அல்ல.

தூளி நல்லது, ஆனால் நாள் முழுக்கத் தூளியில் கிடக்கும் குழந்தைக்குக் கழுத்து, தோள் தசைகளுக்கு வேலை இல்லை. விழித்திருக்கும்போது பாயில் குப்புறப் போடுங்கள். முதல் வாரத்திலிருந்தே இரண்டு மூன்று நிமிடம், நாளில் நான்கைந்து தடவை. பால் குடித்தவுடன் வேண்டாம். எதிரே முகத்தை வைத்துப் பேசினால் தலையைத் தூக்கும். தூங்கும்போது மட்டும் மல்லாந்துதான். வாக்கர் வண்டி வாங்காதீர்கள். அதில் குழந்தை நுனிக்காலால் தள்ளுகிறது, தன் எடையைத் தாங்கப் பழகுவதில்லை; படியில் உருண்டு தலையில் அடிபடுவதும் அதனால்தான். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது.

குறைமாதக் குழந்தைக்கு வயதைத் திருத்திப் பார்க்க வேண்டும். 32 வாரத்தில் பிறந்திருந்தால் எட்டு வாரம் முந்தி வந்திருக்கிறது. ஆறு மாதம் ஆகும்போது நான்கு மாதக் குழந்தையோடு ஒப்பிடுங்கள். இரண்டு வயது வரை இந்தக் கழிப்பு. தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிக் கணக்குதான். 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். தவறினால் பார்வையை மீட்க முடியாமல் போகலாம்.

வீட்டில் பார்க்க வசதியான கருவி திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் தயாரித்த அட்டவணை. இரண்டு வயது வரைக்கும் 17 செயல்கள்தான். குழந்தையின் வயதில் பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துவிட்ட செயல்கள் எல்லாவற்றையும் குழந்தை செய்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒன்று விட்டுப்போனால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கைகளைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். மூன்று மாதத்துக்குப் பிறகும் முஷ்டி திறக்கவில்லை என்றால் கேள்வி. ஒன்பது மாதத்திலிருந்து தரையில் கிடக்கும் சோற்றுப்பருக்கையைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து எடுக்கப் பழகும். ஒரு வயதில் அது நேர்த்தியாக வரும். ஒரு வயதுக்கு முன்பே "இவன் இடதுகைப் பழக்கம்" என்று யாராவது சொன்னால் வலது கையைப் பாருங்கள். அந்த வயதில் கைப்பழக்கம் வராது. ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது மற்றக் கை பலவீனமாக இருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

மூன்று நான்கு வயதுப் பையன் தரையிலிருந்து எழும் விதத்தையும் பாருங்கள். கையைத் தரையில் ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, பிறகு முட்டியில் கை, தொடையில் கை என்று தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்தால், கெண்டைக்கால் மட்டும் உருண்டு திரண்டிருந்தால், அது சோம்பல் அல்ல. தசைச்சிதைவு நோய்க்கான ரத்தப் பரிசோதனை தேவை.

காதும் பேச்சும்

"அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினார்." வளர்ச்சியில் இழப்பு அதிகம் தரும் வாக்கியம் இதுதான். பேச்சு வரவில்லை என்றால் முதலில் காது. கரண்டியைத் தட்டினால் திரும்புகிறானே என்பார்கள். குழந்தை கையசைவைப் பார்த்துத் திரும்பலாம், தரை அதிர்வை உணர்ந்து திரும்பலாம். பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்கிறதா என்று கரண்டி சொல்லாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் கருவியால் செவிப்பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவி என்பது நடைமுறைக் கணக்கு. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் பிறவிக் காதுகேளாமை அதிகம். அங்கே இந்தப் பரிசோதனையை விடவே கூடாது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் அறுவைசிகிச்சையால் பொருத்தும் கருவி) கிடைக்கும். ஆனால் ஐந்தரை வயதில் வைப்பதற்கும் ஒன்றரை வயதில் வைப்பதற்கும் பேச்சில் பெரிய வித்தியாசம் உண்டு.

மூன்று மாதத்தில் 'ங்கா', ஆறில் 'பா', 'மா', ஒன்பதில் 'தாத்தா', 'மாமா' என்று அடுக்கு. ஒரு வயதில் பொருளோடு ஒன்றிரண்டு சொல், ஒன்றரை வயதில் எட்டுப் பத்துச் சொல், இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரு சொல் சேர்ப்பு.

சொல்லின் எண்ணிக்கையைவிட நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது சுட்டு விரலை. இடுப்பில் வைத்து நிலாவைக் காட்டும்போது குழந்தை முதலில் உங்கள் விரலைப் பார்க்கும், பிறகு விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கும், பிறகு திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும். இந்த மூன்றாவது பார்வைதான் பொன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாயா என்று கேட்கும் பார்வை அது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று தனியாக ஒன்றை வைத்தவர்கள் இதைக் கண்டிருக்க வேண்டும். பதினைந்து மாதம் ஆகியும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைக்கிறது, கண் சந்திப்பதில்லை என்றால் ஆட்டிசத்துக்கான மதிப்பீடு வேண்டும். ஆட்டிசம்தான் என்று முடிவாகும் வரை காத்திருக்க வேண்டாம். பயிற்சியை அன்றே தொடங்கலாம். எந்த வயதிலும், வந்த பேச்சோ வந்த செயலோ திரும்பிப் போனால் அது அவசரம்.

செல்போன் காட்டிச் சோறு ஊட்டுவதை இரண்டு வயது வரை முற்றிலும் நிறுத்துங்கள். பேச்சு, முகத்துக்கு முகம் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் பிறக்கிறது. திரை குழந்தைக்குப் பதில் சொல்வதில்லை.

காட்ட வேண்டிய இடம்: ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கும் ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வரும் சிறார் நலக் குழு (2013இல் தொடங்கிய தேசியத் திட்டம், 18 வயது வரை இலவசம்), அங்கிருந்து மாவட்ட இடையீட்டு சேவை மையம். பேச்சுப் பயிற்சி, இயன்முறை, செயல்முறைப் பயிற்சி எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

பள்ளி வயது

இது நிதானமான காலம். இரண்டு வயதுக்கு மேல் வயதை 6ஆல் பெருக்கி 77 கூட்டினால் உயரம் தோராயமாக வரும். ஆறு வயது வரை வயதை 2ஆல் பெருக்கி 8 கூட்டினால் எடை. ஆண்டுக்கு 5 முதல் 7 செ.மீ. ஏறும். ஐந்துக்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். தைராய்டு குறைவு, கோதுமை ஒவ்வாத குடல் நோய், பெண் குழந்தையானால் டர்னர் என்ற குரோமோசோம் குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்று பட்டியல் உண்டு, பலவற்றுக்கு மருந்தும் உண்டு. உயரம் கூட்டும் பவுடருக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு தைராய்டு பரிசோதனை செய்துவிடலாம்.

ஆறு வயதில் பல்வரிசையின் கடைசியில், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பால்பல் என்று நினைத்துச் சொத்தையாக விடுகிறார்கள். அது நிரந்தரப் பல், போனால் வராது.

கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெட் போல இருந்தால் தேங்காய் நார் போட்டுத் தேய்க்காதீர்கள். அழுக்கு அல்ல, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்று தோல் காட்டும் அடையாளம். இடுப்புச் சுற்றளவையும் சர்க்கரையையும் பாருங்கள்.

பூப்புக்கு முந்தைய ஆண்டுகள்

பெண் பூப்பெய்தியதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டு முட்டை என்று வீடே ஓடும். நல்ல வழக்கம், ஆனால் உயரத்தைப் பொறுத்தவரை காலம் தாழ்ந்த விருந்து. பெண் குழந்தைக்கு மார்பு மொட்டு விடுவது 8க்கும் 13க்கும் இடையே. அதோடுதான் உயரப் பாய்ச்சல் தொடங்குகிறது, உச்சத்தில் ஆண்டுக்கு 8 செ.மீ. வரை. முதல் மாதவிடாய் அதற்கு இரண்டு இரண்டரை ஆண்டு கழித்து, பாய்ச்சல் தணியும் நேரத்தில் வருகிறது. அதன் பிறகு ஏறுவது பொதுவாக 5 முதல் 7 செ.மீ.தான். ஆகவே களியும் கேழ்வரகும் முட்டையும் ஒன்பது, பத்து வயதிலேயே தொடங்க வேண்டும். எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். சீக்கிரம் பருவமடையும் குழந்தை முதலில் வகுப்பிலேயே உயரமாக நிற்கும், பிறகு எலும்பு முனைகள் மூடிக் குள்ளமாக நின்றுவிடும். 13 வரை மொட்டே விடவில்லை என்றாலும், 15 வரை மாதவிடாய் வரவில்லை என்றாலும் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் தொடங்கியதும் இரும்புச்சத்து மாதாமாதம் வெளியேறும். பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் குமட்டும், குமட்டியவள் அடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே எறிவாள். சாப்பாட்டோடு டீ வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

ஆண் பிள்ளைக்கு எல்லாம் இரண்டு ஆண்டு பின்னால். முதல் அடையாளம் மீசையோ குரலோ அல்ல, விரை பெரிதாவது. 9க்கும் 14க்கும் இடையே. பாய்ச்சல் பதின்மூன்று பதினான்கு வயதில், உச்சத்தில் ஆண்டுக்கு 9, 10 செ.மீ. எட்டாம் வகுப்பில் பெண் பிள்ளைகள் எல்லோரும் உயரமாக நிற்க, குள்ளமாக இருப்பதால் வருந்தும் பையனிடம் இதைச் சொல்ல வேண்டும். காம்புக்குக் கீழே கட்டியாக மார்பு வீங்குவது ஏறக்குறையப் பாதிப் பையன்களுக்கு வரும், ஓரிரு ஆண்டில் வடியும். வெட்கத்தில் சட்டை கழற்றாமல், விளையாடப் போகாமல் இருப்பார்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும். 14 வயதாகியும் எந்த மாற்றமும் தொடங்கவில்லை என்றால் மருத்துவர்.

எவ்வளவு வளர வாய்ப்பிருக்கிறது என்று கணக்கிட அப்பா அம்மா உயரத்தைக் கூட்டி, பையனுக்கு 13 சேர்த்து, பெண்ணுக்கு 13 கழித்து, இரண்டால் வகுங்கள். அப்பா 168, அம்மா 154 என்றால் மகனுக்கு 167.5, மகளுக்கு 154.5, முன்பின் 8 செ.மீ. இருக்கலாம். அப்பாவின் உயரத்தை வாயால் கேட்டு எழுதாமல் அளந்து எழுதுங்கள், எல்லோரும் கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள்.

வீட்டில் உயரம் அளக்க, தரையோரப் பட்டி இல்லாத சுவர் வேண்டும். குதிகால், பின்பக்கம், தோள்பட்டை, பின்தலை நான்கும் சுவரில் பட வேண்டும். கொண்டையையும் உயரப் பின்னலையும் அவிழ்த்துவிடுங்கள். கண்ணின் கீழிமையும் காதுத் துளையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தலையில் தட்டையாக ஒரு தடித்த புத்தகத்தை, அதன் முதுகு சுவரோடு ஒட்டும்படி வைத்து, அடியில் பென்சில் கோடு போடுங்கள். மாலையில் காலையைவிட ஒரு சென்டிமீட்டர் வரை குறையும், அதனால் எப்போதும் ஒரே வேளையில் அளங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போதும். மாதாமாதம் அளந்தால் பிழையைத்தான் அளப்பீர்கள். வளர்ச்சி குறைவு என்று மருத்துவரிடம் போகும்போது அவர் முதலில் கேட்பது போன ஆண்டு அளவைத்தான். அது கையில் இருந்தால் ஓராண்டுக் காத்திருப்பு மிச்சம். பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் முன், அந்தப் பென்சில் கோடுகளைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.